நான் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம்

போன பொங்கலுக்குப் பங்கு மண்டபத்தில் கூடியிருந்தபோது இரண்டு பெண்பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் இத்தாலியில், இந்தப் பாலெர்மோவில் பிறந்து, இங்கேயே சட்டம் படித்து முடித்தவர்கள். "அன்ரி, அவ்வொகாத்தோவா வாறதுக்கு எந்த வழி சுகம்? நீங்கள் அதுக்குள்ளையே இருந்தனீங்கள்தானே" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற பங்குத்தந்தையும், அதை ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று சேர்ந்துகொண்டார். சுகமான வழி எனக்குத் தெரிந்திருந்தால் நான் வழக்கறிஞராக ஓய்வு பெற்றிருப்பேன். நான் ஓய்வு பெற்றது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் செயலாளராகவும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும்தான்.

இருந்தாலும் வழியைச் சொல்கிறேன். லண்டனில் என் தங்கையின் மகன் சொலிசிட்டர். அங்கே சொலிசிட்டருக்கு ஒரு பாதை, பாரிஸ்டருக்கு இன்னொரு பாதை என்பான். எங்கள் ஊரில் முன்பு பிரக்கிராசி என்றும் அப்புக்காத்து என்றும் இரண்டு சாதி இருந்தது. பாலெர்மோவிலும் நான் தொடங்கிய காலத்தில் புரொக்குரத்தோரே ஒரு படி, அவ்வொகாத்தோ அடுத்த படி. பிறகு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எதுவாக இருந்தாலும் முதலில் பட்டம் வேண்டும், இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். அதன் பின் வழக்கறிஞர் சங்கத்தின் பயிலுநர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏறிய நாளிலிருந்து ஒரு மூத்த வழக்கறிஞரின் கீழே, என் காலத்தில் இரண்டு வருடம், பிராத்திக்கா, அதாவது பயிற்சி. அது முடிந்தால் மூன்று நாள் எழுத்துத் தேர்வு, கடைசியில் வாய்மொழித் தேர்வு.

பிராத்திக்காவுக்கு ஒரு சிறு புத்தகம் தருவார்கள். லிப்ரெத்தோ என்பது அதன் பெயர். எந்த விசாரணைக்குப் போனோம், என்ன நடந்தது, எந்த மனுவை எழுதினோம் என்று அதில் குறித்து, மூத்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சங்கத்தில் அதைக் காட்ட வேண்டும். பயிற்சி இடையில் அறுந்து நீண்டுவிட்டால் முன்னே செய்தது எதுவும் கணக்கில் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையள். என் கதை இதில்தான் வந்து முட்டுகிறது.

நான் இலங்கையில், மன்னார்ப் பக்கம் பேசாலையில் பிறந்தவள். சண்டை தொடங்கிய காலத்தில், பதினெட்டு வயதில், ஒரு கன்னியர் மடத்தின் உதவியோடு இங்கே வந்தேன். பகலில் பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தேன், பின்னேரங்களில் பள்ளிக்கூடம் போனேன். அதன் பின் வியா மக்வேதாவில் உள்ள சட்டபீடத்தில் சேர்ந்து, மற்றவர்கள் நாலைந்து வருடத்தில் முடிப்பதை ஒன்பது வருடத்தில் முடித்தேன். நடுவில் ஒரு பாலெர்மோக்காரரைக் கட்டினேன். அவர் மின்சார வேலை செய்பவர். குடியுரிமை அந்த வழியாக வந்தது. ஊரில் சிலர் அதற்காகத்தான் கட்டினாள் என்று கதைத்தார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் என் பெயர் பதிவேட்டில் ஏறியது. அன்று அந்த லிப்ரெத்தோவைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு பெருமை. எங்கள் சனத்தில் இந்த நகரத்தில் அதுவரை யாரும் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. எல்லாரும் வீட்டு வேலைக்காரர், சமையல்காரர், வயதானவர்களைப் பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் ஒரு கூட்டம் என்னைச் சுற்றி நிற்கும். ஒருவருக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி, இன்னொருவருக்கு வீட்டு வாடகைக் கடதாசி. எல்லாவற்றுக்கும் நான் எழுதிக் கொடுப்பேன். யாரும் கேட்காத அறிவுரையும் கூடவே கொடுப்பேன்.

என்னைப் பயிற்சிக்கு எடுத்த மூத்தவரை இங்கே பெயர் சொல்லாமல் அவ்வொகாத்தோ என்றே எழுதுகிறேன். நாங்களும் அவரை அப்படித்தான் அழைத்தோம். அறுபதைத் தாண்டியவர், மெலிந்தவர், குரலை உயர்த்தியதே இல்லை. பட்டம் பெற்றவளென்று என்னைத் தொத்தொரெஸ்ஸா என்று அழைப்பார். காலையில் நான் அலுவலகத்தின் நிலத்தைக் கூட்டிக்கொண்டு நின்றாலும் அதே மரியாதைதான். வழக்குக் கோவை மேசையில் திறந்து கிடக்கும்போது கோப்பி குடிக்க விடமாட்டார். கடதாசியை ஜன்னலோரம் நின்றபடிதான் வாசிப்பார். முதல் தடவை வாசிக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு அதையே திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். "முதலாவது வாசிப்பு என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க. இரண்டாவது, யார் பேசுகிறார் என்று பார்க்க" என்பார். அந்த இரண்டாவது வாசிப்பை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

எந்தக் கோவை வந்தாலும் பயிலுநர் முதலில் செய்ய வேண்டியது அட்டவணை. தட்டச்சு கூடாது, கையால் எழுத வேண்டும். ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு வரி. அதன் இலக்கம், திகதி, என்ன கடதாசி, யார் எழுதியது, யாருக்கு எழுதியது. இதில் என்ன படிப்பு இருக்கிறது, எழுதுவினைஞர் வேலைதானே என்று முதல் மாதங்களில் மனதுக்குள் முணுமுணுத்திருக்கிறேன்.

ஜெசிந்தா என்னிடம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருபத்தாறு வயது, ஊர்காவற்துறைப் பிள்ளை. நாலு வயது மகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள். மகளை இங்கே கூப்பிடுவதற்கான விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தாள். பொலிதேயாமாவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு பணக்கார அம்மாவின், வீட்டில் தங்கி வேலை. கோடையில் அந்தக் குடும்பம் மொண்டெல்லோக் கடற்கரை வீட்டுக்குப் போகும், அவளும் பெட்டி படுக்கையோடு கூடப் போவாள். அந்த முறை புரட்டாசியில் வீடு திரும்பிச் சாமான்களைப் பிரித்தபோது சிஞ்ஞோராவின் பொன் கைச்சங்கிலி இல்லை.

பூசை முடிந்து எல்லாரும் வெளியேறிய பிறகு கடைசி வாங்கில் வந்து என் பக்கத்தில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"சிஞ்ஞோரா என்னைத்தான் சொல்லுறா அக்கா. உண்மையைச் சொன்னால் பொலிசுக்குப் போகமாட்டாவாம். நான்..."

"சரி, அழாதை" என்று நான் குறுக்கே விழுந்தேன். "இதை இழுத்தடிக்கக் கூடாது. உனக்கு மகளின்ரை அலுவல் கிடக்கு. பெரிய ஆக்கள் கோவமா இருக்கேக்கை நாங்கள் பணிஞ்சு போறதுதான் நல்லது. ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு, விசயம் முடிஞ்சுது."

"மன்னிப்போ?"

"ஓம். நான் எழுதித் தாறன். கையெழுத்து மட்டும் வை."

எங்கள் வீடுகளில் இது புதுமையா? அப்பா கோபப்பட்டால் யார் பிழை என்று யாரும் விசாரிப்பதில்லை. இளையவர் போய் மன்னிச்சுக் கொள்ளுங்கோ என்பார், பெரியவர் ஆறுவார், சாப்பாடு போடுவார்கள். நியாயம் பிறகு மெல்ல மெல்லத் தானாக வெளியே வரும். நான் அந்த வழக்கத்தை அப்படியே தூக்கி ஒரு பாலெர்மோச் சிஞ்ஞோராவின் மேசையில் வைத்தேன். ஒன்பது வருடம் இந்த நாட்டுச் சட்டம் படித்தவள் செய்த வேலை இது.

வெறும் மன்னிப்போடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அழகான இத்தாலிய மொழி எழுத வரும் என்ற செருக்கு இருந்தது. அதனால் அந்த வாங்கிலேயே இருந்து இப்படி எழுதினேன்: 'மதிப்புக்குரிய சிஞ்ஞோரா, நான் செய்த செயலுக்காக மனம் வருந்தி உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனி ஒருபோதும் இப்படி நடக்காது என்று உறுதி தருகிறேன்.' ஜெசிந்தாவுக்கு அப்போது வீட்டு வேலைக்கு வேண்டிய இத்தாலியச் சொற்கள்தான் தெரியும். என்ன எழுதியிருக்கு அக்கா என்று கேட்டாள். மரியாதையா மன்னிப்புக் கேட்டிருக்கு என்றேன். கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

சிஞ்ஞோரா அடுத்த நாளே அவளை வெளியே அனுப்பினார். சில மாதம் கழித்து, சிறு குற்றங்களை விசாரிக்கும் பிரெத்தூரா நீதிமன்றத்திலிருந்து ஜெசிந்தாவுக்கு அழைப்பாணை வந்தது. திருட்டுக் குற்றச்சாட்டு. அவள் அதைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்குப் போயிருக்கிறாள், வழக்கு முடியட்டும் என்று அங்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தண்டனை விழுந்தால் அவள் திரும்பிப் போக வேண்டியதுதான், அங்கே யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம் சண்டையால் அப்போது இருந்த நிலையில். மகள் இங்கே வருவது என்ற பேச்சே இல்லை. அவ்வொகாத்தோ நான் மொழிபெயர்த்ததைக் கேட்டுவிட்டு, "சரி, கோவையின் பிரதி எடுத்து வாருங்கள், தொத்தொரெஸ்ஸா" என்றார்.

நீதிமன்றத்துக்குப் போனேன். அந்தக் காலத்தில் வாசலில் துப்பாக்கியோடு இராணுவத்தினர் நிற்பார்கள், கைப்பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போகலாம். பிரதிக்கு வேண்டிய முத்திரைகளை ஒட்டி விண்ணப்பத்தைக் கொடுத்தேன். எழுதுவினைஞர் கோவையைக் கொண்டுவந்து வைத்தார். முறைப்பாடு, பொலிசாரின் குறிப்பு, வீட்டின் படம் என்று புரட்டிக்கொண்டே போனேன். ஒன்பதாவது கடதாசி என் கையெழுத்தில் இருந்தது. அங்கே கிடந்த கதிரையில் இருந்துவிட்டேன். சிஞ்ஞோரா கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் அதைப் பத்திரமாகப் பொலிசில் கொடுத்திருக்கிறார். வழக்கில் அதைத் தவிர வேறு சாட்சியமே இல்லை.

திரும்பி வரும்போது கப்போ சந்தைக்குள்ளால் வந்தேன். மீன்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். எப்படிச் சொல்லாமல் விடலாம் என்று வழி முழுக்க யோசித்தேன். இதுதான் உண்மை. எப்படிச் சொல்லலாம் என்று யோசிக்கவில்லை.

அவ்வொகாத்தோ பிரதியை ஜன்னலோரம் நின்று வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு கோவையை என் மேசையில் வைத்து, "அட்டவணை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு வரியை எழுதினேன். ஒன்பதாவது வரி. கடதாசி: கடிதம். யாருக்கு: சிஞ்ஞோராவுக்கு. யார் எழுதியது என்ற கட்டத்தில் பேனா நின்றது. கீழே அவளுடைய கையெழுத்துத்தானே இருக்கிறது, சட்டப்படி அது அவளுடைய கடிதம்தானே என்று எனக்கு நானே வழக்காடினேன். வென்றும் விட்டேன். ஜெசிந்தா என்று எழுதி அட்டவணையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் விரலை ஒன்பதாவது வரியில் வைத்தார். "நேற்று இந்தப் பெண் எனக்குக் காலை வணக்கம் சொல்ல மூன்று தடவை மூச்சு வாங்கினாள்" என்றார். "இந்தக் கடிதத்தை எழுதியவர் நிறையப் படித்தவர். இந்தக் கட்டத்தை நீங்கள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்."

அட்டவணையும் என் கையெழுத்து, கடிதமும் என் கையெழுத்து. இரண்டும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. என் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் ஜெசிந்தா என்ற பெயரை வெட்டி, மேலே என் பெயரை எழுதினேன்.

"இருங்கள்" என்றார். இருந்தேன். ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசவில்லை.

"தான் எடுத்ததாக அவள் உங்களிடம் சொன்னாளா?"

"இல்லை."

"எடுக்கவில்லை என்று சொன்னாளா?"

"அதுவும் இல்லை. சொல்ல வாய் எடுத்தாள். நான் விடவில்லை."

"நீங்கள் கேட்டீர்களா?"

"இல்லை, அவ்வொகாத்தோ."

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். பிழை செய்யாதவரும் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீடுகளில் சாதாரணம் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்தைந்து வருடமாக இந்த நகரத்தில் வழக்குப் பேசுகிறேன். இங்கே கைச்சங்கிலியைக் கையில் போட்டுக்கொண்டு நிற்பவனும் தான் எடுக்கவில்லை என்பான். எடுக்காமலே எடுத்தேன் என்று எழுதிக் கொடுப்பவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு நடைமுறையைச் சொன்னார். விசாரணைக்கு ஏழு நாள் முன்பாகச் சாட்சிப் பட்டியலை நீதிமன்ற அலுவலகத்தில் சேர்க்க வேண்டும், பிந்தினால் எடுக்கமாட்டார்கள். கடிதத்தின் சொற்கள் அவளுடையவை அல்ல என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். "நீதிமன்றத்தில் என் பக்கத்தில் ஒரு கதிரை இருக்கிறது, எனக்கு எதிரே ஒரு கதிரை இருக்கிறது. ஒரே வழக்கில் இரண்டிலும் நீங்கள் இருக்க முடியாது. சாட்சி என்றால் பெயர் எழுதிய அன்றே இந்த அலுவலகத்தை விட்டுப் போக வேண்டும், லிப்ரெத்தோவில் நான் கையெழுத்து வைக்க முடியாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைச் சங்கத்துக்கு எழுதாமல் விடமாட்டார். வேறு அலுவலகத்தில் உங்களை எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது." சாட்சிப் பட்டியலுக்கான தாளை எடுத்து மேசையில் வைத்தார். "பட்டியலில் உங்கள் பெயரை நான் எழுதமாட்டேன். கட்டாயப்படுத்தும் உரிமை எனக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை நண்பகல் வரை பட்டியல் இந்த மேசையில் கிடக்கும்."

அது வெள்ளிக்கிழமை. அந்த மூன்று நாளும் நான் மனிதரைப் போல இருக்கவில்லை. என் கணவர், "ஒன்பது வருடம் விழித்திருந்து படித்தாயே" என்றார். எனக்குள்ளே ஒரு குரல் நல்ல நல்ல நியாயமெல்லாம் சொன்னது. நான் வழக்கறிஞராக வந்தால் எத்தனை ஜெசிந்தாக்களுக்கு உதவலாம், ஒருத்திக்காக எல்லாவற்றையும் விடலாமா என்றது. அந்தக் குரலுக்கு நல்ல வாதத் திறமை இருந்தது. ஞாயிறு பூசையில் ஜெசிந்தாவைக் கண்டேன். மகளுக்கு வாங்கிய ஒரு சோடிச் சப்பாத்தைக் காட்டி, "வரேக்கை கால் வளர்ந்திடுமோ அக்கா" என்று கேட்டாள். வழக்கைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பியிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை போய்ப் பட்டியலில் என் பெயரை எழுதிவிட்டு, என் மேசையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

விசாரணை நாளில் நீதிபதி ஒரு பெண்மணி. ஜெசிந்தாவுக்கு மொழிபெயர்க்க எங்கள் பங்கிலிருந்து ஒரு குருமாணவரை அழைத்திருந்தார்கள். அவர் அவள் பக்கத்தில் இருந்து, இத்தாலியில் பேசுவதைத் தமிழில் மெதுவாக அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாட்சிக் கதிரைக்குப் போய், அறிந்த உண்மை முழுவதையும் மறைக்காமல் சொல்வேன் என்ற உறுதிமொழியை வாசித்தேன். அவ்வொகாத்தோ சுருக்கமாகக் கேட்டார். கடிதத்தை எழுதியது யார், சொற்கள் யாருடையவை, அவளுக்கு அதை வாசித்துக் காட்டினீர்களா. நான் எழுதினேன், சொற்கள் என்னுடையவை, வாசித்துக் காட்டவில்லை என்றேன். எங்கள் வழக்கத்தையும் சொன்னேன். நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து சிஞ்ஞோராவின் வழக்கறிஞர் எழுந்தார். கெட்டிக்காரர். "குற்றமில்லாதவரும் மன்னிப்புக் கேட்பது உங்கள் வழக்கம் என்கிறீர்கள். நல்லது. அப்படியென்றால் அன்று, அந்த வாங்கில், இவள் குற்றமற்றவள் என்று நீங்கள் நம்பினீர்களா?"

பொறி எங்கே இருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்தது. ஆம் என்றால், பிறகேன் 'நான் செய்த செயல்' என்று எழுதினீர்கள் என்பார். அவ்வொகாத்தோவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கே அந்த உண்மை முழுதாகத் தெரிந்தது. வழக்கம், பணிவு எல்லாம் சரி. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் சிஞ்ஞோராக்களின் வீடுகளிலும் சட்டபீடத்திலும் இருந்து, வேலைக்காரப் பெண்களைப் பற்றி அவர்கள் நினைப்பதை நானும் கொஞ்சம் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

"இல்லை" என்றேன். "நம்பவில்லை. எடுத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவளிடம் கேட்கவே இல்லை. அதனால்தான் அப்படி எழுதினேன். அந்த வரி அவளுடைய ஒப்புதல் இல்லை. அது என் சந்தேகம்."

நான் சொன்னது ஜெசிந்தாவுக்கு உடனே விளங்காது. குருமாணவர் குனிந்து சொல்லத் தொடங்கினார். அது அவளிடம் போய்ச் சேரும் வரை நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். சேர்ந்தபோது அவள் அழவில்லை. தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தாள், பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

என் கதை என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொன்னபடியே சங்கத்துக்கு எழுதினார். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், பதிவேட்டிலிருந்து வெட்டவும் இல்லை. ஆனால் விசாரணை நடக்கும்வரை என்னை வைத்துக்கொள்ள எந்த அலுவலகமும் விரும்பவில்லை. மாதங்கள் போயின. முன்னே செய்த பயிற்சி செல்லாமல் போயிற்று. திரும்ப முதலிலிருந்து தொடங்கலாம்தான். அதற்குள் எனக்கு மூத்தவன் பிறந்துவிட்டான், துணிவும் போய்விட்டது. வழக்கெல்லாம் ஓய்ந்த பிறகு அவ்வொகாத்தோ என்னைச் செயலாளராகத் திரும்ப எடுத்தார். கடைசிவரை தொத்தொரெஸ்ஸா என்றே அழைத்தார். அவருடைய மகளின் கீழேயும் வேலை செய்து ஓய்வு பெற்றேன். நீதிமன்றத்துக்கு எங்கள் ஆட்களுக்காக மொழிபெயர்க்கவும் போனேன். மொழிபெயர்ப்பாளர் கதிரையில் இருந்த காலம் முழுவதும் ஒரு சொல்லைக் கூட அழகுபடுத்தியதில்லை.

பிள்ளையள், உங்களுக்கு வழி கேட்டால் பட்டம், பதிவேடு, பயிற்சி, தேர்வு, இவ்வளவுதான். எல்லாம் கடக்கக்கூடியவை. முன்னால் வந்து இருப்பவரிடம் நடந்ததைக் கேட்பதற்கு மட்டும் எந்த லிப்ரெத்தோவிலும் இடமில்லை, யாரும் கையெழுத்து வைத்து உறுதிப்படுத்தவும் மாட்டார்கள்.

அன்றைக்குத் திரும்புகிறேன். நீதிபதி உள்ளே போய் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கடிதம் அதை எழுதியவரின் எண்ணத்தைக் காட்டுகிறதே தவிர, குற்றஞ்சாட்டப்பட்டவர் செய்ததைக் காட்டவில்லை என்று சொல்லி ஜெசிந்தாவை விடுதலை செய்தார். கைச்சங்கிலி எங்கே போனது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

வெளியே நடையில் நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல் போனால் நல்லது என்று நினைத்தேன். ஏசினாலும் நல்லது என்று நினைத்தேன். குருமாணவர் அவளிடம் ஏதோ சொன்னார், என் வேலை போன விசயமாக இருக்க வேண்டும். அவள் நேரே என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அக்கா, உங்கடை அப்புக்காத்துப் படிப்புப் போச்சாம். எல்லாம் என்னாலைதான். என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அவ்வொகாத்தோ அங்கியை மடித்துக்கொண்டு பின்னால் வந்தார். "என்ன சொல்கிறாள்?" என்று என்னிடம் கேட்டார்.

"மன்னிப்புக் கேட்கிறாள்" என்று மொழிபெயர்த்தேன்.

"எதற்கு?"

ஜெசிந்தா என் கையை விடாமல், நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.